எந்தத் தெருவில் நின்று எழுதினீர்?

(கல்லூரி மாணவர் மன்றமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



சமூகவியல் பயிலும் நீங்கள், அடையாளம், சமூகம், மனித உறவு ஆகியவை பற்றி ஆய்வு நடத்தப் புறப்படுகிறீர்கள். கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டு, மேடைக்கும் நாடகத்துக்கும் வந்துவிட்ட என்னை அழைத்து வாழ்த்தச் சொல்கிறீர்கள். பட்டம் பெறாதவனுக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கக்கூடும். கேட்கட்டும்! ஆய்வு பட்டத்திலே பிறப்பதல்ல, கேள்வியிலே பிறப்பது.

"மாணவன் எழுதும் ஆய்வேடு மதிப்பெண்ணுக்கு, மதிப்பெண் கிடைத்தபின் அலமாரிக்கு" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்கட்கு 1916-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன்.

மே திங்கள் 9-ஆம் நாள். நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம். மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வரங்கிலே, 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை படித்தார். தலைப்பு, 'இந்தியாவில் சாதிகள்'. படித்தவர், பள்ளி நாளிலே தீண்டத்தகாதவர் என்று தனியே அமர்த்தப்பட்ட அம்பேத்கர்!

சாதி பற்றிப் பெரும்பெயர் படைத்தோர் வகுத்த இலக்கணங்களை அவர் நிறுத்துப் பார்த்தார். தீட்டுதான் சாதியின் அடையாளம் என்றார் செனார்ட். பிறரோடு உண்ணாமையே அதன் அடையாளம் என்றார் நெஸ்பீல்டு. விளைவைக் காரணமென்று கொள்ளாதீர் என மறுத்த அந்த மாணவர், சாதியின் உயிர்நிலை எது என்று காட்டினார்: தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ளும் அகமணம்!

பிறகு, கணக்குப் போட்டுக் காட்டினார். கூட்டத்துக்குள்ளேயே மணம் என்றால், மணவயதினரில் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். கணவன் இறந்தால் மனைவி மிகுதி. மனைவி இறந்தால் கணவன் மிகுதி. மிகுதியான பெண்ணை என்ன செய்வது? எரித்தனர்; அல்லது கைம்மைக் கோலத்தில் மூலையிலே முடக்கினர். மிகுதியான ஆணுக்கு? மணவயது எய்தாத சிறுமியைக் கட்டிவைத்தனர். உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்று கொடுமைகளும் ஒரே வேலிக்கு நட்ட மூன்று முட்கள் என்று விளங்கிற்று. சாதியையும் பெண்ணடிமையையும் ஒரே முடிச்சாகக் காட்டிய அந்தக் கட்டுரை, 1917-இல் அச்சேறியது. மாணவன் எழுதியதுதான், தோழர்களே! அலமாரியிலா உறங்கிற்று?

அதே 1916-இல், இங்கே சென்னைப் பல்கலைக்கழகத்திலே, பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலான ஊர்களில் நிலம் யாருக்கு, கடன் யாருக்கு, கூலி எவ்வளவு என்று அவர்கள் குறித்து வந்தது 1918-இல் நூலாயிற்று. 1930-களில் வேறு ஆய்வாளர் அந்த ஊர்களுக்குச் சென்றனர், பின்னரும் சென்றனர். முன்னர்க் குறித்தவன் இருந்ததால்தான், எது மாறிற்று, எது மாறவில்லை என்று பின்னர் வந்தவன் ஒப்பிட முடிந்தது.

ஆனால், குறித்தால் மட்டும் போதுமா? எங்கே நின்று குறிப்பது?

1961-இல் ஆந்திரே பெத்தேய் என்ற இளைஞர், தில்லிப் பல்கலைக்கழக ஆய்வுக்காகத் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூருக்கு வந்தார். அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டார். அக்கிரகாரத்தில் தங்க இடம் கிடைத்தது. அங்கே தங்கியதாலேயே, ஊரார் அவரை அக்கிரகாரத்து ஆள் என்று கருதினர். சேரிக்குச் சென்று இயல்பாகப் பழகுவது அரிதாயிற்று. 1965-இல் வெளியான தம் நூலிலே இதை அவரே மறைக்காமல் எழுதினார். அது அவர் நேர்மை. நமக்கோ அது பாடம். ஆய்வாளன் அடையாளத்தை ஆராய வருகிறான். ஊரோ முதலில் அவன் அடையாளத்தை ஆராய்ந்து விடுகிறது!

ஆகவே, வினாத்தாளுடன் ஊருக்குள் நுழையும் தோழர்களே, பெரிய வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து, "இவ்வூரில் வேற்றுமை உண்டா?" என்று கேட்காதீர்கள். "எல்லோரும் தாயாய் பிள்ளையாய்ப் பழகுகிறோம்" என்ற விடைதான் வரும். பண்ணையார் அருகிருக்கக் கூலியாளைக் கேட்காதீர்கள். அவன் வாய் பேசும், வயிறு அஞ்சும். கணவனைக் கேட்டு மனைவியின் கருத்தென்று எழுதாதீர்கள். பிணம் எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். திருவிழாவில் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று பாருங்கள். யார் வீட்டுப் பெண்ணை யார் வீட்டில் கொடுப்பர் என்று கேளுங்கள்; 1916-இல் அந்த மாணவர் காட்டிய வேலி, இன்றும் நிற்கிறதா, சாய்ந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

ஒன்றை மறவாதீர்கள். நீங்கள் எழுதிவிட்டு ஊர் திரும்புவீர்கள். சொன்னவர் அங்கேயேதான் வாழவேண்டும். துணிந்து உண்மை சொன்ன ஏழையின் பெயர் உங்கள் ஏட்டால் வெளிப்பட்டு, அவன் வேலை பறிபோகுமானால், அந்த ஏட்டுக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தென்ன பயன்? பெயரை மறையுங்கள், உண்மையை மறைக்காதீர்கள்!

பேராசிரியர் உங்களை, எத்தனை பேரைக் கேட்டீர் என்று வினவுவார். நாடு உங்களை, எந்தத் தெருவில் நின்று எழுதினீர் என்று வினவும். இரண்டுக்கும் தலைநிமிர்ந்து விடை கூறும் ஆய்வேடுகளைப் படைத்திட வாழ்த்துகிறேன்.