துப்பாக்கி போன வழியே நீதியும்



எஞ்சினியருக்கு மனித உரிமை எதற்கு என்பீர்கள். நம்ம சத்தியமங்கலம் மலையைப் பாருங்கள். வீரப்பனைத் தேடித் தமிழக, கர்நாடக அதிரடிப்படைகள் எல்லை பாராமல் இணைந்து போயின. அதில் அடிபட்ட மலைமக்கள் எந்த அரசிடம் முறையிடுவது? இரண்டுக்கும் பொதுவான காது வேண்டியிருந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. 2007-இல் 89 பேருக்கு ரூ.2.80 கோடி நிவாரணம் பரிந்துரைத்தது.

நாடுகளுக்கும் இதே கதைதான். 2023 ஜனவரியில் போருக்கு நடுவிலும் உக்ரைன், ரஷ்ய மனித உரிமை ஆணையர்கள் அங்காராவில் சந்தித்து, கைதிகளை மாற்றிக்கொள்வது பற்றிப் பேசினார்கள்.

குழுவிலிருந்து நிவாரணத்துக்கு எட்டு வருஷமுங்க! அதுவும் மனு கொடுத்ததால்தான். எழுதத் தெரியாதவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். படித்த படிப்புக்கு அதுவும் வேலைதான்.