எல்லை யாருக்கு?
(தாராவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். ஊரிலிருந்து ரயிலில் வரும்போது குண்டக்கல் தாண்டிக் கண்ணயர்ந்திருக்கிறார். சோலாப்பூரில் விழித்தால் நகைப் பையைக் காணோம். இங்கே இறங்கிப் புகார் சொன்னால், "எங்கள் எல்லையில் நடக்கவில்லை, நடந்த ஊருக்குப் போ" என்று விரட்டினார்களாம். எந்த ஊரில் போயிற்று என்று தூங்கியவருக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் கூலி போனால் அடுப்பெரியாத வீடு அது.

இந்த எல்லைப் பேச்சு பழையது. வெள்ளையர் ஆட்சியில் பம்பாயில் 'கிராண்ட் ஜூரி' என்றொரு குழு இருந்தது. ஒருவன்மீது வழக்கு நடத்தலாமா என்பதை முதலில் அதுதான் சொல்லும். நம் போன்றவர்மீது அதன் அதிகாரம் பம்பாய் நகரத்தோடு சரி. மாட்டுங்கா தீவுக்குள், செம்பூர் வெளியே. ஆனால் வெள்ளைக்காரன் வெளியூரில் கொலை செய்தாலும், அவனை விசாரிக்கப் பம்பாய்க்குத்தான் கொண்டுவர வேண்டும். வெளியூர்க்காரன் சாட்சி சொல்ல இவ்வளவு தூரம் வருவானா? எல்லை என்பது யாருக்கு வேலியாக இருந்தது, யாருக்குக் கேடயமாக இருந்தது என்று பாருங்கள். அந்த ஜூரியை 1865இல் ஒழித்தார்கள். புத்தி மட்டும் போகவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? களவு, கொலை போன்ற, போலீசார் தாமே கைது செய்யக்கூடிய குற்றமானால் புகாரைப் பதிந்தே ஆகவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதியச் சொல்கிறது. இதுதான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிந்தபின் உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. ஓடும் ரயிலில் நடந்த குற்றமென்றால், அந்தப் பயணம் கடந்து வந்த எந்த எல்லையின் நீதிமன்றமும் விசாரிக்கலாம். அது 203ஆவது பிரிவு.

நான் ரயில்வே குமாஸ்தா. பார்சலை வாங்கிப் பதிந்தால், சேரவேண்டிய ஊருக்கு அனுப்புவது எங்கள் வேலை. "நீயே சுமந்து போ" என்று சொல்ல முடியுமா? புகாரும் அப்படித்தான்.

ஆகவே, எழுதிக் கொடுங்கள். டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசில்லை. மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் எழுதுங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அந்தத் தாயோடு மறுநாள் நாங்கள் நால்வர் போனோம். புகார் பதிவாயிற்று. நகை இன்னும் வரவில்லை. ஆனால் "இங்கே இல்லை, போ" என்ற சொல் அன்று எழவில்லை. தனியே போகாதீர்கள், தோழர்களே, சங்கத்தைக் கூப்பிடுங்கள்.