கைவிடப்பட்ட செருகுநிரல்கள்



புகைப்படங்களைக் கணினியில் திருத்தும் பயிற்சியுடைய உங்களுட் பலருக்குச் செருகுநிரல் என்னும் சொல் புதிதன்று. 'பிளக்-இன்' என்றே பெரும்பாலோர் வழங்குவர். தையல் இயந்திரம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். இயந்திரத்தை ஒருவர் செய்கிறார்; அதில் மாட்டிக் காஜா எடுக்கவும் மடிப்புத் தைக்கவும் பயன்படும் பாதங்களை வேறொருவர் செய்து விற்கிறார். பாதம் தனித்து நின்று எதனையும் தைக்காது. ஃபோட்டோஷாப் போன்ற பெரிய மென்பொருள் இயந்திரம் எனில், செருகுநிரல் அதில் மாட்டும் பாதமாகும். பாதம் செய்தவர் தொழிலை விட்டுவிட்டார். இயந்திரமோ ஆண்டுதோறும் புதுவடிவம் கொள்கிறது. அப்போது பயனாளர் செய்யத்தக்கது யாது? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

நிக் தொகுப்பின் வரலாறு இதற்கு நல்ல சான்று. நிக் சாஃப்ட்வேர் என்னும் நிறுவனம் செய்த செருகுநிரல்களைப் புகைப்படக் கலைஞர் பெரிதும் விரும்பினர். வண்ணப் படத்தை நயமான கறுப்பு வெள்ளைப் படமாக்கச் சில்வர் எஃபெக்ஸ் புரோ. படத்தில் தோன்றும் புள்ளிகளைக் குறைக்க டிஃபைன். 2012ஆம் ஆண்டில் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கிற்று. 2013இல் முழுத் தொகுப்பும் 149 டாலருக்கு விற்கப்பட்டது. 2016 மார்ச்சில் அதனை இலவசமாகவே கொடுத்துவிட்டனர். கேட்டோர் மகிழ்ந்தனர், மகிழ்வது இயல்புதான். ஆயினும் விலை போகும்போது பொறுப்பும் உடன்போகிறதா என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. 2017 மே மாதத்தில், இனி இத்தொகுப்பைப் புதுப்பிக்கும் எண்ணமில்லை என்று கூகுள் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் டிஎக்ஸ்ஓ என்ற பிரெஞ்சு நிறுவனம் அதனை வாங்கியது. வாங்கியவரே 2018இன் தொடக்கத்தில் பண நெருக்கடியில் சிக்கி நீதிமன்றப் பாதுகாப்பை நாட நேர்ந்தது. ஆயினும் அவ்வாண்டு ஜூனில் புதிய பதிப்பை வெளியிட்டனர். எல்லாச் செருகுநிரல்களுக்கும் இத்தகைய மறுவாழ்வு கிட்டுவதில்லை.

மறுவாழ்வு கிட்டாதவை பழுதடைந்தால் எங்கே தொடங்குவது? செருகுநிரல் துணியைப் போல் இற்றுப்போவதன்று. நேற்று இயங்கியது இன்று இயங்கவில்லையெனில், பெரும்பாலும் அதனைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்று மாறியிருக்கும். எது மாறிற்று என்பதே முதல் வினா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஐந்தை ஒருங்கே மாற்றியவன் குணம் கண்டாலும் காரணம் காணான்.

செருகுநிரலின் பெயர் பட்டியலிலேயே தோன்றவில்லையா? 32 பிட் அமைப்பில் எழுதப்பட்டதை 64 பிட் மென்பொருளால் ஏற்க இயலாது. இது திருத்தக்கூடிய பிழையன்று. 2019இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலீனா 32 பிட் நிரல்கள் அனைத்தையும் விலக்கிவிட்டது. 2020 முதல் ஆப்பிள் தன் சொந்தச் செயலியுடன் கணினிகளை வெளியிட்டபோது, இன்டெல் செயலிக்கென எழுதியவை மீண்டும் இடர்ப்பட்டன. ரோசெட்டா என்னும் மொழிபெயர்ப்பு நிரல் வழியாக ஃபோட்டோஷாப்பைத் திறந்து அவற்றுட் பலவற்றை இயக்கினர். அதுவும் நிலையான ஏற்பாடன்று. சில வேளைகளில் காரணம் மிக எளியதாக இருக்கும். புதிய பதிப்பு புதிய கோப்புறையில் அமர்ந்திருக்கும். செருகுநிரலோ பழைய கோப்புறையிலேயே கிடக்கும். மீண்டும் நிறுவினாலே போதும்.

பெயர் தோன்றுகிறது, அழுத்தியவுடன் எல்லாம் நின்றுவிடுகிறது என்றால் வரைகலை அட்டையின்மீது ஐயம் கொள்ளலாம். செருகுநிரலின் அமைப்புகளில் அவ்வட்டையின் உதவியை நிறுத்திப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பே தடுமாறினால், அதனைத் திறக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். பிறர் செய்த செருகுநிரல்களை ஏற்றாமல் திறக்கவா என்று அது வினவும். அப்போது தடுமாற்றம் நீங்கினால் குற்றவாளி அக்கூட்டத்தில்தான் இருக்கிறான்.

நிறுவும் கோப்பைத் தொலைத்துவிட்டு, முன்பின் அறியாத தளங்களில் அதனைத் தேடுவோர் உண்டு. அங்கே செருகுநிரலுடன் நச்சுநிரலும் வந்து சேரலாம். கைவிடப்பட்டது என்பதனாலேயே அது உரிமையாளர் அற்றதும் ஆகாது. ஆகவே, இயங்கும் காலத்திலேயே நிறுவும் கோப்பையும் உரிம எண்ணையும் இருவேறிடங்களில் சேமித்து வையுங்கள்.

இவ்வளவும் கருவியைப் பற்றியவை. மறைந்த பாட்டனாரின் மங்கிய படத்தைப் பல நாள் உழைத்துத் திருத்திய ஒருவருக்குக் கருவியினும் படமே பெரிது. ஃபோட்டோஷாப்பில் திருத்தத்தைக் கட்டளை வடிவில் மட்டும் பொதிந்துவைக்கும் முறை ஒன்று உண்டு. மிக வசதியானதே. ஆனால் செருகுநிரல் மறைந்தபின் அக்கட்டளையைத் திறந்து மாற்ற வழியில்லை. எனவே தொடாத மூலப்படம் ஒன்று, திருத்தம் நிறைவுற்ற டிஃப் வடிவப் படம் ஒன்று என இரண்டையும் வையுங்கள். பயன்படுத்திய அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் வேறொரு கருவியில் அதே தோற்றத்தை ஓரளவேனும் பெறலாம்.

பழைய செருகுநிரலைப் பிரிய மனமில்லாதவர், அது இயங்கும் பழைய கணினியை அந்நிலையிலேயே வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறாத கணினி அது; இணையத்தில் இணைக்காமல், படங்களை வட்டில் கொண்டுசென்று திருத்தி வருவதே தக்கது.