வீட்டுக் கடனும் தரகர் வலையும்

(வல்லம் வடகாலில் தொழிலாளர்களிடையே பேசியதன் சாரம்)



இந்த வல்லம் வடகாலில் எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைதான். 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்குவதற்கென்று இங்கே பெரியதொரு குடியிருப்பே திறக்கப்பட்டது. வேலை கிடைத்தவர் சொந்த வீட்டுக்கு ஆசைப்பட்டுக் கடன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் ஓவர்டைம் நின்றுவிட்டாலும், ஒப்பந்த வேலை முடிந்துவிட்டாலும் சம்பளம் குறைகிறதேயொழிய, தவணை குறைவதில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் தரகன் வருகிறான்.

அவன் என்ன சொல்லுகிறான்? "பாங்கியில் எனக்கு ஆள் உண்டு, கடனைத் தள்ளுபடி செய்து சான்றிதழ் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு, இனித் தவணை கட்டாதே" என்கிறான். இது என் கற்பனையல்ல. அதிகாரம் ஏதுமின்றிச் சிலர் கடன் தள்ளுபடிச் சான்றிதழ் கொடுத்துக் கட்டணம் வசூலிக்கிறார்கள் என்று 2023 டிசம்பர் 11-ந் தேதி ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அண்டைவீட்டுக்காரர் உங்களுக்கு நூறு ரூபாய் தரவேண்டும். தெருவில் போகிறவன் ஒருவன், "இனித் தரவேண்டாம்" என்று அவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் நீங்கள் விட்டுவிடுவீர்களா? பாங்கி மட்டும் விட்டுவிடுமா? கடன் தீரும் என்று தாயத்து விற்கிறவனுக்கும் இந்தச் சீட்டு விற்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

மற்றொருவன், "வீட்டை என் பேருக்கு எழுதி வை, கடனை நான் கட்டுகிறேன், பிறகு திருப்பி எழுதித் தருகிறேன்" என்பான். எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு வில்லங்கம் வந்து சேரும். கடனோ உங்கள் தலையிலேயே நிற்கும். ஆகவே அதிகாரப் பத்திரத்திலோ, வெற்றுத் தாளிலோ, எழுதாத செக்கிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

தரகனால் வரும் பெரிய நஷ்டம் பணமல்ல, நாட்களேயாகும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். பிறகு 2002-ஆம் வருஷத்து சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் தவணை கொடுத்து பாங்கி நோட்டீஸ் அனுப்பலாம். அதற்கு நீங்கள் ஆட்சேபணை எழுதினால், 15 நாளைக்குள் காரணத்தோடு பதில் சொல்ல பாங்கி கடமைப்பட்டது. சொத்தைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளைக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற தரகன் பேச்சை நம்பிச் சும்மாயிருந்தால் இந்தக் கெடுவெல்லாம் கழிந்துபோகும்.

அப்படியானால் என்ன செய்வது? தவணை தவறுமென்று தெரிந்தவுடனே பாங்கிக்கு நேரில் போங்கள். காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். பாங்கி தர்மசத்திரமல்ல, கேட்டதெல்லாம் கொடுத்துவிடாது. ஆனாலும் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், அதற்கும் செலவில்லை. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள். போன் மூலமாக ஏமாந்து பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள்.

தோழர்களே! கடன்பட்டது மானக்கேடல்ல. அதற்கு வெட்கப்பட்டு மனைவியிடமும், கூட வேலை செய்கிறவரிடமும் மறைக்கிறீர்களே, அந்த மறைப்புத்தான் தரகனுக்கு மூலதனம். எவன் வந்தாலும், "உனக்கு இந்த அதிகாரம் யார் கொடுத்தது?" என்று நாலு பேர் முன்னால் கேளுங்கள். கேட்டால் அவன் நிற்கமாட்டான். உங்கள் வீடு நிற்கும்.