குடிசைகளில் நடந்த ஆராய்ச்சி

(மகாராஜபுரத்தில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கைக்குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால் நம் வீட்டில் என்ன நடக்கிறது? ராஜபாளையத்து மில்லில் ஒரு ஷிப்டு போகிறது. வயலில் ஒருநாள் கூலி போகிறது. உடம்பின் நீர் வற்றிக் குழந்தையே போய்விடுவதும் உண்டு. பல் முளைக்கிற கோளாறு என்றோம், கண்ணேறு என்றோம். ஆனால் கைக்குழந்தைகளின் கடுமையான போக்குக்குப் பெருங்காரணம் ரோட்டா என்னும் வைரஸ் கிருமி.

இதை ஆராய்வதில் தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் டாக்டர் ககன்தீப் காங். 1962ல் சிம்லாவில் பிறந்தவர்; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பல்லாண்டு ஆராய்ந்தவர். 2019ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி இவரே.

இவரது ஆராய்ச்சி வேலூர்க் குடிசைச் சந்துகளில் நடந்தது. இவரும் குழுவினரும் 2002ல் தொடங்கி, 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வருஷம் கவனித்தார்கள். வாரம் இருமுறை ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

கண்டதென்ன? ஒருமுறை வந்த கிருமியை உடம்பின் காவல் அணுக்கள் நினைவில் வைத்து, மறுமுறை எதிர்க்கின்றன. மெக்சிகோவில் கவனித்த குழந்தைகளுக்கு இருமுறை தொற்றியபின் கடும்போக்கு வரவேயில்லை. வேலூர்க் குழந்தைகளுக்கோ மூன்று முறை தொற்றியபின்னும் 79 சதவீதப் பாதுகாப்பே கிடைத்தது.

டில்லியில் டாக்டர் எம். கே. பான் குழுவினர், பச்சிளங்குழந்தைகளிடம் நோய் உண்டாக்காத ஒரு ரோட்டா கிருமியைக் கண்டெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்த சொட்டு மருந்தை டில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூர்ச் சோதனையில் காங் முன்னின்றார். கடுமையான ரோட்டா நோய் பாதிக்கு மேல் குறைந்தது. 2016 முதல் சர்க்கார் இதை இலவசத் தடுப்பு மருந்தாகச் சேர்த்தது.

வசதியான நாடுகளில் ரோட்டா மருந்துகள் இதைவிட நன்றாய்ப் பலிக்கின்றன. இங்கே ஏன் குறைகிறது? அரைவயிற்றுச் சாப்பாடும், அசுத்தத்தால் ஓயாமல் குடலைத் தாக்கும் பிற கிருமிகளும் காரணமாகலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

பாதிப் பலன்தானே என்று மருந்தைத் தள்ளலாமா? கூடாது. நல்ல தண்ணீர் ஓடும் நாடுகளிலும் இந்தக் கிருமி குழந்தைகளைப் பிடித்தது. தண்ணீர் மட்டும் அதை நிறுத்தாது. மருந்து இருக்கிறதே என்று தண்ணீரை மறக்கலாமா? அதுவும் கூடாது.

ஆகவே 6, 10, 14 வாரங்களில் நர்சம்மாவிடம் குழந்தையைக் கொண்டுபோய்ச் சொட்டு மருந்து கொடுப்போம். போக்கு கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாமல், உப்பு சர்க்கரைக் கரைசலை ஊட்டி, ஆஸ்பத்திரிக்கு விரைவோம். சுத்தமான குடிநீரும் கக்கூசும் நம் தெருவுக்கு வரும்வரை பஞ்சாயத்தை ஒன்றுசேர்ந்து கேட்போம். கூலி உயர்ந்தால்தான் பிள்ளை வயிறு நிறையும் என்பதை நாம் அறிவோம். நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகளிடம் கற்ற விஞ்ஞானம் இது. இதன் முழுப் பலனும் நம் பிள்ளைகளுக்குச் சேரவேண்டும்.