கைத்தொழிலும் கணக்கும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தச்சும் கொல்லும் கற்பணியும் நம் முன்னோர்க்கு உணவளித்தன. இன்று நம் பிள்ளைகளிற் பலர் லேத்துப் பட்டறைகளிலும், மோட்டார்த் தொழிற்சாலைகளிலும், கட்டட வேலைகளிலும் ஜீவனம் செய்கின்றனர். உளி மாறிற்று, உலை மாறிற்று, அளவு ஒன்றே மாறாமல் நிற்கின்றது. அளவறியாத கை எத்துணைப் பழகியதாயினும் பிறர் ஏவலுக்கே காத்திருக்கும். அளவறிந்த கை தானே வேலையைத் தொடங்கித் தானே முடிக்கும். உதவியாளாகப் புகுந்த ஒருவன் உதவியாளாகவே முதுமையடைவதற்கும், மற்றொருவன் மேஸ்திரியாக உயர்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஆதலின் இதனைச் சிறு விஷயமென்று எண்ணற்க.

"என் பையனுக்குக் கணக்கு வராது, ஆகவே தொழிலுக்கு அனுப்பினேன்" என்று தந்தைமார் சொல்லக் கேட்கின்றோம். இவ்வார்த்தையில் இரண்டு பிழைகள் உள. கணக்கு வராதவனுக்குத் தொழில் எளிது என்பது ஒன்று. அப்பையனுக்குக் கணக்கு வராது என்பது மற்றொன்று. கொத்தனார் மனைக்கு மூலை பிடிப்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி சரியாக வந்தால் மூலை நேர்மூலை என்று கொள்வார். மனை பெரிதாயின் 6, 8, 10 என்று வைப்பார். 9உம் 16உம் கூடினால் 25. பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் தேற்றம் என்று பிள்ளைகளை அச்சுறுத்துவது இதுவேயன்றி வேறன்று. கயிறு பிடித்த பையனுக்கு இவ்விரண்டும் ஒன்றே என்று எடுத்துச் சொல்வார் இல்லை. குறை அறிவிலன்று, சொல்லிக் கொடுக்கும் முறையிலேதான்.

நம் பெரியோர் கணக்கறியாதவரல்லர். எண்சுவடியை மனப்பாடம் செய்து, அரை, கால், அரைக்கால், வீசம் என்று இறங்கி, 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரையில் வாயாலேயே கணக்கிட்டனர். அங்குலத்தை எட்டாகப் பகுத்து ஒவ்வொரு பகுதியையும் ஒரு நூல் என்றனர். 16 அணா கொண்ட ரூபாயும் 8 நூல் கொண்ட அங்குலமும் அக்கணக்கோடு இசைந்து நின்றன. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரூபாய் 100 காசுகளாயிற்று. 1956ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மீட்டரும் கிலோவும் வழக்கிற்கு வந்தன. சாலைக்கணக்குப் போயிற்று, தசமக் கணக்கோ பட்டறைக்குள் முழுதும் வந்து சேரவில்லை. நாவில் நூலும், கையில் மில்லிமீட்டருமாக நடுவில் நிற்கின்றோம்.

இதனால் வரும் நஷ்டத்திற்கு ஓர் உதாரணம் கூறுவேன். வீடு கட்டுமிடத்தில் "நான்கு நூல் கம்பி" என்பர். நான்கு நூல் என்பது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பதோ 12 மில்லிமீட்டர்க் கம்பி. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் கம்பியின் பலம் அதன் வெட்டுமுகப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12ஐ வர்க்கித்தால் 144, 12.7ஐ வர்க்கித்தால் ஏறக்குறைய 161. ஆகவே நூற்றுக்குப் பதினொரு பங்கு இரும்பு குறைந்துவிடுகின்றது. இன்னும் கேளுங்கள்! 16 மில்லிமீட்டர்க் கம்பி கிடைக்கவில்லையென்று, 8 மில்லிமீட்டர்க் கம்பி இரண்டைப் போட்டால் சரியாகுமென்று நினைப்பவர் உண்டு. 16இன் வர்க்கம் 256. 8இன் வர்க்கம் 64. இரண்டு கம்பிக்கு 128. பாதி இரும்பே உள்ளே சென்றது! இரண்டு எட்டு பதினாறு என்னும் வாய்பாடு பொய்யன்று. அதனைப் பொருத்திய இடமே பொய். அந்த உத்தரத்தின் கீழே குழந்தைகள் உறங்குவர் என்பதை மறத்தலாகாது.

கம்பியின் எடைக்கும் ஒரு வாய்பாடு உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கித்து 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர்க் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர்க் கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி சுமார் 10.67 கிலோ; நூறு கம்பிகள் சுமார் 1,067 கிலோ. கடைக்காரர் சீட்டில் எழுதும் எடையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க எந்தத் தாயும் கற்றுக்கொள்ளலாம். 162 எங்கிருந்து வந்தது? எஃகு ஒரு கன மீட்டர் 7,850 கிலோ எடையுள்ளது என்பதையும், வட்டத்தின் பரப்பையும் சேர்த்துச் சுருக்கியதே அவ்வெண். காரணம் அறிந்தவன், செம்புக் கம்பிக்கு இவ்வெண் பொருந்தாதென்றும் அறிவான். அறியாதவன் செம்பையும் 162ஆலேயே வகுப்பான்.

நிற்க. லேத்துப் பட்டறைக்கு வருவோம். மெல்லிரும்பை அதிவேக எஃகு உளியாற் கடையும்போது, நிமிஷத்துக்குச் சுமார் 30 மீட்டர் வேகம் தகும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையின் சுற்றளவு 157 மில்லிமீட்டர். 30,000ஐ 157ஆல் வகுத்தால் 191; நிமிஷத்துக்கு அத்தனை சுற்று. அதே சுற்றில் 100 மில்லிமீட்டர் உருளையைக் கடைந்தால் வேகம் இரட்டித்து, உளியின் முனை விரைவிற் கெடும். "உளி சரியில்லை" என்று கடையைக் குறை கூறுவோர், ஒரு வகுத்தற் கணக்கைச் செய்தாற் போதும்.

மைக்ரோமீட்டர் என்னும் கருவியும் அத்தகையதே. அதன் திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகர்கின்றது. அச்சுற்று 50 பாகமாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஒரு பாகம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. வரைபடத்தில் 25 மில்லிமீட்டர்த் துளைக்கு "எச்7" என்று எழுதியிருந்தால், துளை 25.000க்குக் குறையாமலும் 25.021க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். தலைமயிரின் பருமனிலும் சிறிய இந்த இடைவெளியிலேதான் ஒருவனுடைய சம்பளம் இருக்கின்றது. தசமப் புள்ளிக்கு அஞ்சுபவன் அவ்வாசலிற் புகமுடியாது.

"இப்போது இயந்திரமே கணக்கிடுகின்றது, கைப்பேசியிலும் கணக்குப் பொறி உண்டு, மனிதன் ஏன் கற்கவேண்டும்?" என்று இளைஞர் வினவலாம். நியாயமான கேள்வியே. கணிப்பொறியால் இயங்கும் கடைசல், துளை இயந்திரங்கள் இன்று பரவிவிட்டன. ஆனால் 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஆறு துளைகள் சமதூரத்தில் இடவேண்டுமென்று கொள்வோம். முதல் துளையிலிருந்து 60 பாகை திரும்பினால், அடுத்த துளையின் இடம் ஒரு திசையில் 25, மறுதிசையில் 43.301. அதனை 4.3301 என்று அடித்துவிட்டால் இயந்திரம், "ஐயா, இது சரிதானா?" என்று கேளாது, துளைத்துவிடும். விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கவேண்டுமென்று மனத்தில் மதிப்பிட வல்லவனே இயந்திரத்திற்கு எஜமானன். மற்றவன் அதற்கு ஏவலாள்.

தொழிலாளருக்குத் தக்கவாறு கணிதம் கற்பித்தல் புதிய எண்ணமன்று. ஜான் பெர்ரி என்னும் பொறியியற் பேராசிரியர், தொழிலாளருக்குச் செய்த ஆறு சொற்பொழிவுகளின் சுருக்கத்தை 1899ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். முதலில் அளந்து பார்த்துப் பயன்படுத்துக, பின்னர் நிரூபணத்தை நாடுக என்பது அவர் முறை. நம் நாட்டிலும் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நடக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் பணிமனைக் கணக்கு ஒரு பாடமாக உள்ளது. அதனைப் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு நம் பிள்ளைகள் கைவிடுகின்றனர்.

ஆகவே நமது சங்கத்திற்குச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். சங்கக் கட்டடத்தில் வாரம் இருநாள் மாலை வகுப்பு நடத்துக. கரும்பலகையோடு அளவுகோல், மூலைமட்டம், வெர்னியர், மைக்ரோமீட்டர் ஆகியவற்றையும் வாங்கி வைக்க. பின்னம், தசமம், விகிதம், பரப்பு, கோணம் என்னும் ஐந்தும் ஓராண்டிற்குப் போதும். பட்டறை முதலாளிமார் தத்தம் வரைபடங்களையே பாடமாகத் தருக. பெண்மக்களையும் ஆண்மக்களோடு ஒக்கச் சேர்த்துக்கொள்க. நுண்ணளவுக்கு ஆண் பெண் என்னும் பேதமில்லை. பிற சமூகத்துப் பிள்ளை வந்து வாசலில் நின்றாலும் உள்ளே அழைக்க. பிறர்க்குச் சொல்லாமல் மறைத்ததால் அழிந்த வித்தைகள் நம்மிடையே பல. கற்பித்ததால் அழிந்த வித்தை ஒன்றுமில்லை.

பெற்றோர்களே! கணக்கு வராதென்று உங்கள் பிள்ளையின் நெற்றியில் எழுதிவிடாதீர்கள். அவன் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்து, வீட்டின் கதவை அளந்து வரச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்குக.