வன்னியில் ஒரு சிறுமியர் இல்லம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"கிளிநொச்சியில் நீர் பார்க்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேசும்" என்று தலைவி கேட்டபோது, எங்கள் இல்லத்துக்கு உதவி கேட்கிற பேச்சாக இது முடிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். நம் சங்கத்தவர் பலர் ஏற்கெனவே வன்னியில் உள்ள இல்லங்களுக்குக் காசு அனுப்புகிறீர்கள். அந்தக் காசு எங்கே போனால் பிள்ளைக்கு நன்மை என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

வன்னியில் சிறுவர் இல்லங்களின் கதை இடப்பெயர்வின் கதையோடு சேர்ந்தது. 1991இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய செஞ்சோலை, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பின் வன்னிக்கு வந்தது. 2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவின் செந்தளிர் இல்லத்தைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் குண்டுகள் விழுந்து பாடசாலை மாணவிகள் மாண்டார்கள். 2009இல் எஞ்சியவர்கள் செட்டிகுளத்து முகாம்களுக்குப் போய், பிறகு திரும்பி வந்தார்கள். இன்று கிளிநொச்சி ஜெயந்திநகரில் மகாதேவா ஆச்சிரமம், வவுனியா கோவில்குளம் சிவன் கோவிலைச் சார்ந்த அருளகம், அருட்சகோதரிகள் நடத்தும் இல்லங்கள் என்று பல இடங்களில் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் எல்லாரும் யுத்தத்தில் செத்துப்போனார்களா?" என்பதுதான். யுத்தத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் வளர்ந்து, பலர் கலியாணமும் செய்துவிட்டார்கள். இப்போது இல்லங்களில் இருக்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். தாய் கூலிவேலைக்குப் போகிறாள், அல்லது குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான், அல்லது குடிக்கிறான். துணுக்காய்ப் பக்கத்திலோ ஒட்டுசுட்டான் பக்கத்திலோ உள் ஊர்களில் உயர்தரம் படிக்கப் பாடசாலை தூரம், பஸ் கிடையாது. கதவு இல்லாத வீட்டில் வளர்ந்த பெண்பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகத் தாய்க்குப் பயம். காரணங்கள் இவைதான். வறுமையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிற பிள்ளை, தாயையும் வாசலில் விட்டுவிட்டுத்தான் வருகிறது.

எங்கள் ஒரு நாளைச் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகள். விடிய நாலே முக்காலுக்கு மணி அடிக்கும். கிணற்றடி, கழிப்பறை, வரிசை. ஓகஸ்ட் மாதம் கிணறு வற்றினால் பவுசரில் தண்ணீர் வாங்க வேண்டும். மாரி வந்தால் முற்றம் முழுக்க வெள்ளமும் பாம்பும். நாற்பது தலை இழுத்து, எண்பது பின்னல் பின்னி முடிப்பதற்குள் இடியப்பமும் சம்பலும் தயாராக வேண்டும். பேன் பார்ப்பது சனிக்கிழமை வேலை. ஏழரைக்குப் பாடசாலை. ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ அரிசி போகும். 25 கிலோ மூட்டை இரண்டு நாளுக்குக் காணாது. 2022இல் நாட்டில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 வீதத்தையும் தாண்டியபோது பால்மா எங்கள் வீட்டில் மருந்து போல ஆனது. சோயாமீட்டும் முருங்கையிலையும்தான் காப்பாற்றின.

ஆனால் சமையல் கஷ்டம் பெரிய கஷ்டம் அல்ல. இராத்திரிதான் இல்லத்தின் உண்மையான வேலை. புதிதாக வந்த பிள்ளை பாயை நனைக்கும். இன்னொன்று சத்தமில்லாமல் அழும். ஒரு மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வாட்டில் பிள்ளைக்குத் துணைக்கு ஒருவர் நிற்க வேண்டும். இரவுக்கு இரண்டு பராமரிப்பாளர்கள் என்றால், ஒருவர் அங்கே நிற்பார்; மற்றவர் முப்பத்தொன்பது பிள்ளைகளோடு விடியும் வரை விழித்திருப்பார்.

அந்தப் பெண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் அவர்களை "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சம்பளம் குறைவு, லீவு குறைவு. பல இல்லங்களில் சேமலாப நிதி கிடையாது. இரண்டு வருடம் இருந்து வேலை பழகியதும், ஆடைத் தொழிற்சாலைக்கோ கடைக்கோ போய்விடுகிறார்கள். போகிறவரில் குற்றம் இல்லை, அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. ஆனால் நாலு வயதில் வந்த ஒரு பிள்ளை பத்து வயதுக்குள் எத்தனை "அம்மா"மாரைப் பறிகொடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சில காலம் போக, அது புதிதாக வருகிறவரிடம் ஒட்டவே மாட்டாது. வருகிறவர்கள் அதைப் பார்த்து, "நல்ல அமைதியான பிள்ளை" என்பார்கள்.

அடுத்தது கடதாசி வேலை. பிறப்பைப் பதியாத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கப் பிரதேச செயலகத்துக்கும் பதிவாளரிடமும் பல தடவை நடக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அடையாள அட்டை வேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் கோவை இருக்க வேண்டும். இது அலுப்பான வேலைதான், ஆனால் அவசியமான வேலை. கோவை ஒழுங்காக இல்லாத இல்லத்தில் பிள்ளை தொலைந்தாலும் தெரியவராது. நீங்கள் உதவுகிற இல்லம் பதியப்பட்டதா, ஒவ்வொரு பிள்ளையின் கோவையும் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல இல்லம் அந்தக் கேள்விக்குக் கோபிக்காது.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து எங்களுக்கு அதிகம் வருவது ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு. பிள்ளையின் பிறந்த நாள், அப்பாவின் திவசம், அம்மாவின் முப்பத்தோராம் நாள். அன்னதானம் நம் மரபு. அதைப் பழித்துப் பேச எனக்கு வாய் வராது. பசித்த பிள்ளை உண்ட சோறு உண்ட சோறுதான். ஆனால் தைப்பொங்கல் அன்று நாலு பேர் சாப்பாடு தரக் கேட்பார்கள். ஒக்ரோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமைக்கு ஒருவரும் இல்லை. கேக் வரும், படம் போட்ட பனர் வரும். முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக எங்கள் பிள்ளைகள் வரிசையில் நின்று பிறந்த நாள் பாட்டுப் பாட வேண்டும். அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். உத்தேச வயதுச் சான்றிதழ் உள்ள ஒரு சிறுமி ஒருநாள் என்னிடம், "அன்ரி, என்ர பிறந்த நாள் உண்மையா எப்ப?" என்று கேட்டாள்.

கொடுப்பவரின் பெயர் பிள்ளையின் மேல் ஏறுவது நமக்குப் புதிது அல்ல. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய காலத்தில், மிஷன் விடுதிகளில் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்கள் அந்த வழக்கத்தின் மிச்சம். அந்தக் கல்வி நம் பெண்களுக்குச் செய்த நன்மை பெரிது. ஆனாலும் இருநூறு வருடம் கழிந்தபின், தமிழர் தமிழ்ப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது பெயரை ஒட்டாமல் கொடுக்கலாம் அல்லவா?

லண்டனில் இருக்கிற அக்காமாரிடம் இன்னொன்று கேட்கிறேன். அங்கே 1946இல் கேர்ட்டிஸ் குழு, பெரிய இல்லங்களில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுதியது. 1948இல் சிறுவர் சட்டம் வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பெரிய இல்லங்களின் இடத்தை வளர்ப்புக் குடும்பங்கள் எடுத்துக்கொண்டன. பராமரிப்பில் உள்ள ஒரு பிள்ளையை அங்கே நீங்கள் அனுமதி இல்லாமல் படம் எடுக்க முடியுமா? அங்கே கூடாதது இங்கே எப்படித் தருமம் ஆகும்? பிள்ளையைக் குடும்பத்தோடு வைத்திருக்க முதலில் முயல வேண்டும் என்றுதான் 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டல்களும் சொல்கின்றன.

அதற்காக எல்லா இல்லங்களையும் மூடச் சொல்லவில்லை. வீட்டிலேயே ஆபத்து இருக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்பினால் அது பாவம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இல்லம் வேண்டும், நல்ல இல்லமாக வேண்டும். வறுமை ஒன்றுக்காக மட்டும் வந்த பிள்ளைக்கு வேறு வழி பார்க்கலாம் என்பதே என் வாதம்.

சங்கத்திடம் நாலு காரியம் கேட்கிறேன்.

முதலாவது, ஒரு நேரச் சாப்பாட்டுக் காசை வருடம் முழுவதற்குமாகப் பிரித்து, மாதாந்தம் அனுப்புங்கள். பிறந்த நாள் உங்கள் வீட்டில் நடக்கட்டும்.

இரண்டாவது, ஒரு பராமரிப்பாளரின் சம்பளத்தையும் சேமலாப நிதியையும் ஐந்து வருடத்துக்குப் பொறுப்பெடுங்கள். அதற்குக் கல்வெட்டும் இல்லை, திறப்புவிழாவும் இல்லை. ஆனால் இராத்திரி எழும்புகிற பிள்ளைக்கு, நேற்றுப் பார்த்த முகமே இன்றும் கிடைக்கும்.

மூன்றாவது, பிள்ளை இல்லத்துக்கு வரும் முன் தாயிடம் போங்கள். ஒரு சைக்கிள், வீட்டுக்கு ஒரு கதவு, கோழிக்கூடு, பஸ் காசு, மாலை வகுப்பு. கிராம அலுவலரிடமும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் கேட்டால் அப்படிப்பட்ட குடும்பங்களைக் காட்டுவார்கள். ஒரு கட்டடத்துக்குப் போகும் காசில் பல பிள்ளைகள் தாயோடு இருக்கலாம்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். பதினெட்டு வயதானதும் எங்கள் பிள்ளை ஒரு பையோடு வெளியே போக வேண்டும். நாங்களும் விடுதியில் இருந்தவர்கள்தான். ஆனால் தவணை முடிந்ததும் நமக்குப் போக ஒரு வீடு இருந்தது. ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைக்குப் பாதிப் பிள்ளைகள் போனபின், மீதிப் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் அந்த வாசலும் இல்லை. வேலைக்குப் போனால் எங்கே தங்குவது, கலியாணம் பேசி வந்தால் யார் விசாரிப்பது, பிள்ளை பெற்றால் யார் சரக்கு அரைத்துக் கொடுப்பது? வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நம் பழைய மாணவிகள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் இப்படி வெளியே வருகிற ஒரு பெண்ணுக்குத் தெரிந்த முகமாக, பெரியம்மாவாக, சித்தியாக இருக்கலாம். அதற்கு அதிகம் காசு தேவையில்லை. தொலைபேசி எண்ணை மாற்றாமல் இருந்தால் போதும், நல்லநாள் பெருநாளில் கூப்பிட்டுச் சோறு போட்டால் போதும். யாரை யாரோடு சேர்ப்பது என்பதை நன்னடத்தை உத்தியோகத்தரும் இல்லப் பொறுப்பாளரும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அந்த ஒழுங்கைச் செய்ய ஒரு சங்கத்தால் முடியும், தனி ஆளால் முடியாது.

நூறு வருடம் ஒரு சங்கம் நடப்பது சின்ன விஷயம் அல்ல. ஒருவர் போனால் அடுத்தவர் அந்த இடத்தில் வந்து நிற்பதால்தான் அது நடந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாதது அதுதான். இன்று செயற்குழு கூடும்போது, இந்த நாலாவது காரியத்துக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் எங்கள் இல்லத்தில் இருந்து வெளியே போக இருக்கிற பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.